கூட்டின்யோ போனார், கோல் வாசல் அடைபட்டது

2017 ஆகஸ்டில் பாரிஸ் செயின்ட் ஜெர்மெயின் 22.2 கோடி யூரோ கொடுத்து பார்சிலோனாவிடமிருந்து நெய்மாரைக் கொண்டுபோனது. அந்தப் பணம் பார்சிலோனாவில் தங்கவில்லை. முதலில் டெம்பலே வந்தார். 2018 ஜனவரியில் லிவர்பூலிலிருந்து கூட்டின்யோ வந்தார். அவருக்காகப் பேசப்பட்ட தொகை, பின்னால் சேரவேண்டிய ஊக்கத்தொகைகளோடு சுமார் 14.2 கோடி பவுண்டு. ஐந்து வருடத்துக்கு முன் லிவர்பூல் அவரை வாங்கியது வெறும் 85 லட்சம் பவுண்டுக்கு!

இப்படிக் கொட்டுகிற பணத்தைச் செலவழிப்பதுதான் கஷ்டம். துண்டு போட்டு மறைத்து விலை பேசும் சந்தை இல்லை இது. கையில் எவ்வளவு இருக்கிறது என்று ஊருக்கே தெரியும். கேட்டதும் விலை ஏறிவிடும். 2013-இல் கேரத் பேலை விற்ற டாட்டன்ஹாம் ஒரே கோடையில் ஏழு பேரை வாங்கியது. அவர்களில் எரிக்சன் முத்து. ஆனால் ஏழு புது ஆட்கள் ஒருவரை ஒருவர் புரிந்துகொள்வதற்குள் டிசம்பரிலேயே பயிற்சியாளர் வேலை இழந்தார்.

கணக்குப் புத்தகத்திலும் ஒரு விந்தை உண்டு. வீரரை 5 கோடிக்கு வாங்கி ஐந்து வருட ஒப்பந்தம் போட்டால், வருடத்துக்கு 1 கோடிதான் செலவாக எழுதுவார்கள். விற்றால் வரும் லாபமோ அந்த வருடமே மொத்தமாக வரவில் ஏறும். ஒரு நட்சத்திரத்தை விற்ற கிளப்பால் இரண்டு மூன்று பேரை வாங்க முடிவது இதனால்தான். வேறு நாட்டுக்கு விற்றால் விற்ற விலையில் 5 சதவீதம் வரை, வீரரைப் பன்னிரண்டு வயதிலிருந்து வளர்த்த கிளப்புகளுக்கும் போகவேண்டும் என்பது ஃபிஃபா விதி. எனக்கு மிகவும் பிடித்த விதி இது.

லிவர்பூல் இன்னொரு கூட்டின்யோவைத் தேடவில்லை. ஓட்டை எங்கே என்று பார்த்தது. விற்பனை முடியும் தருவாயில் தடுப்பாட்டக்காரர் வான் டைக்கை 7.5 கோடி பவுண்டுக்கு எடுத்தது. அந்த மே மாதம் கீவில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியில், தூரத்திலிருந்து பேல் அடித்த பந்து லிவர்பூல் கோல்கீப்பர் கரியுஸின் கைகளில் பட்டு நழுவி உள்ளே போனது. ஆம், அதே பேல். ஜூலையில் புது கோல்கீப்பர் அலிசன் வந்தார், சுமார் 6.5 கோடி பவுண்டுக்கு. இரண்டையும் கூட்டிப் பாருங்கள்: 14 கோடி. கோல் போடுகிறவரை விற்று, கோல் விழாமல் காக்க இருவர்.

2018 டிசம்பர், ஆன்ஃபீல்டு. சாம்பியன்ஸ் லீக்கில் நப்போலிக்கு எதிராக லிவர்பூல் 1-0 முன்னிலை. ஒரு கோல் வாங்கினால் தொடரைவிட்டே வெளியே. ஆட்டம் முடியும் தருவாயில் நப்போலியின் மிலிக் கோலுக்கு நேரெதிரே, கொஞ்ச தூரத்தில், பந்தோடு நிற்கிறார். அலிசன் பாய்ந்து முன்னால் வந்து கை கால்களை விரித்து உடம்பையே சுவராக்கினார். பந்து அவர்மேல் பட்டுத் தெறித்தது.

அந்தத் தடுப்புதான் லிவர்பூலை அரையிறுதிவரை கொண்டுபோனது. எதிரணி பார்சிலோனா. முதல் ஆட்டத்தில் 0-3 தோல்வி. 2019 மே 7, மறு ஆட்டம், மறுபடி ஆன்ஃபீல்டு. அறுபதாவது நிமிடத்தில் பார்சிலோனா ஒருவரை வெளியே அழைத்தது. மொத்தக் கணக்கு அப்போது 3-3. தான் ஐந்து வருடம் ஆடிய மைதானத்தின் ஓரத்தை நோக்கிக் கூட்டின்யோ நடந்தார். அன்று கடைசிவரை அலிசனின் வலைக்குள் பந்து போகவே இல்லை.