அப்டேட்டுக்குப் பின் அடைபட்ட வழி

மலேசியாவின் பெட்டாலிங் ஜெயாவில் ஜாலான் யுனிவர்சிட்டி என்ற சாலை இன்று ஜாலான் புரொபசர் டிராஜா உங்கு அசிஸ். ஜாலான் செமாங்காட் இருந்த இடத்தில் ஜாலான் புரொபசர் கூ கே கிம் என்ற பலகை நிற்கிறது. பழைய பெயரில் எழுதிய கடிதமும் வீடு வந்து சேரவேண்டுமானால், எது எதுவாக மாறியது என்பது அஞ்சல்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இணையத்தளத்தில் அந்த விவரம் சர்வரில் யாரோ எப்போதோ எழுதிவைத்த சில வரிகளில் இருக்கிறது. தளம் ஒழுங்காக ஓடும்வரை அந்த வரிகளை யாரும் திறந்து பார்ப்பதில்லை. சர்வர் மென்பொருளைப் புதுப்பித்த மறுநாள்தான் அவற்றின் நினைவே வருகிறது.

அந்த வரிகள் செய்யும் வழிமாற்று இரண்டு வகை. முதல் வகையில், "நீ கேட்ட பக்கம் இங்கில்லை, அங்கே போ" என்று சர்வர் பிரவுசரிடம் சொல்லிவிடும். நிரந்தர மாற்றத்துக்கு 301, தற்காலிக மாற்றத்துக்கு 302 என்ற எண்கள் 1996 மே மாதம் வெளியான எச்டிடிபி 1.0 ஆவணத்திலேயே உள்ளன. 307, 308 பின்னால் வந்து சேர்ந்தவை. இரண்டாம் வகை பயனருக்குத் தெரியாமல் நடப்பது: அழகான சிறு முகவரியைச் சர்வர் வாங்கிக்கொண்டு, உள்ளே அதை ஒரு நிரலுக்குரிய நீண்ட முகவரியாக மாற்றி எழுதிக்கொள்கிறது. அப்பாச்சி சர்வரில் இந்த இரண்டு வேலைகளையும் செய்வது 'ரீரைட்' என்ற தொகுதி. ஜெர்மானிய நிரலாளர் ரால்ஃப் எங்கல்ஷால் 1996இல் எழுதியது அது.

ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த வழிமாற்று விதி, ஒரு அப்டேட்டுக்குப் பிறகு ஏன் முறிகிறது? 2023 மார்ச் 7 அன்று வெளிவந்த அப்பாச்சி 2.4.56 இதற்கு நல்ல பாடம்.

பிரவுசர் அனுப்பும் வேண்டுகோளின் முதல் வரியில் மூன்று துண்டுகள் உண்டு: என்ன செய்யவேண்டும், எந்த முகவரி, எச்டிடிபியின் எந்தப் பதிப்பு. மூன்றையும் பிரித்துக் காட்டுவது வெற்று இடைவெளி. வரி முடிந்துவிட்டது என்று காட்டுவது வரிமுறிவுக் குறி. ஆகவே முகவரிக்குள் இடைவெளி நேரடியாக வரக்கூடாது. %20 என்று மாற்றித்தான் அனுப்பவேண்டும். ரீரைட் தொகுதியோ விதியோடு ஒப்பிடுமுன் இந்தக் குறிகளை அவிழ்த்துவிடும். அவிழ்த்த துண்டை அப்படியே புதிய முகவரியில் ஒட்டி, பின்னால் இருக்கும் இன்னொரு சர்வருக்கு அனுப்பினால், உள்ளே ஒளித்துவைத்த இடைவெளியும் வரிமுறிவும் உயிர்பெறும். ஒரு வேண்டுகோள் இரண்டாக உடையும். தாக்குபவர் இரண்டாவதைத் தம் விருப்பப்படி எழுதிக்கொள்ளலாம். பாதுகாப்பு ஓட்டைகளின் பட்டியலில் சிவிஇ-2023-25690 என்று பதிவான இந்த ஓட்டை 2.4.0 முதல் 2.4.55 வரையிலான பதிப்புகளில் இருந்தது.

2.4.56 அதை அடைத்த விதம் கறாரானது. மாற்றி எழுதிய முகவரியில் கேள்விக்குறிக்குப் பின் வரும் வினாப்பகுதியில் இடைவெளியோ, வரிமுறிவு போன்ற கட்டுப்பாட்டுக் குறியோ இருந்தால் 403, அதாவது அனுமதி இல்லை. தாக்குபவருக்குப் பூட்டிய கதவு அப்பாவிகளுக்கும் பூட்டியது. உபுண்டு போன்ற விநியோகங்கள் அப்பாச்சியின் பதிப்பு எண்ணை மாற்றாமலே பாதுகாப்புத் திருத்தத்தை மட்டும் பழைய பதிப்பில் சேர்ப்பதுண்டு. தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் சர்வர் என்றால், உரிமையாளர் எதையும் தொட்டிருக்கமாட்டார். தளம் மட்டும் மறுத்துக்கொண்டிருக்கும்.

தமிழ்த் தளங்களுக்கு இதில் தனிக் கவனம் தேவை. யூனிகோட் தமிழின் ஒவ்வொரு குறியும் யுடிஎஃப்-8 முறையில் மூன்று பைட். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு மூன்று எழுத்தாக விரியும். 'பெட்டாலிங் ஜெயா' நம் கண்ணுக்கு ஏழு எழுத்து. கணினிக்கு 14 குறி, 42 பைட். நடுவிலுள்ள இடைவெளியையும் சேர்த்தால் முகவரியில் 129 எழுத்து. புதிய சோதனை தமிழ் பைட்டுகளைத் தடுப்பதில்லை, இடைவெளியைத்தான் தடுக்கிறது. எனவே விதி பழையதாக இருக்கும் ஒரு தளத்தில் 'கிள்ளான்' என்று தேடினால் விடை வரும். 'பெட்டாலிங் ஜெயா' என்று தேடினால் 403 வரும். ஒற்றைச் சொல்லில் சோதித்துவிட்டு எல்லாம் சரி என்று போகிறவர் கண்ணில் இது படாது.

சரிசெய்வது கடினமல்ல. விதியின் முடிவில் 'பி' என்ற ஓரெழுத்துக் கொடியைச் சேர்த்தால், அவிழ்த்த துண்டு ஒட்டப்படுமுன் மீண்டும் குறியீடாக்கப்படும். 2023 ஏப்ரலில் வந்த 2.4.57, இடைவெளியையும் கட்டுப்பாட்டுக் குறிகளையும் மட்டும் குறியீடாக்கும் இன்னொரு கொடியைத் தந்தது. முதல் வகை வழிமாற்றில் சர்வரே கடைசியில் குறியீடாக்கிவிடுவதால், அங்கே தேவையில்லாத தடையையும் தளர்த்தியது. கேள்விக்குறியில் முடியும் விதிகளை 2.4.56 பழுதாக்கியிருந்தது; அதுவும் சரியானது. ஆக, குற்றம் முழுவதும் பழைய விதியுடையதல்ல, முழுவதும் அப்டேட்டினுடையதும் அல்ல.

கதை அதோடு முடியவில்லை. தைவான் ஆய்வாளர் ஆரஞ்சு சாய் கண்டுபிடித்த ஓட்டைகளை அடைக்க 2024 ஜூலை 1 அன்று 2.4.60 வந்தது. குறியீடாக ஒளிந்துவரும் கேள்விக்குறி, மாற்றி எழுதும்போது உண்மையான கேள்விக்குறியாகி முகவரியை வேறிடத்தில் வெட்டிவிடும் என்று அவர் காட்டியிருந்தார். அப்படிப்பட்ட விதிகளும் அன்றிலிருந்து 403 தரத் தொடங்கின. அவற்றைத் தடுக்காமல் விட்டுவிடச் சொல்லும் கொடி ஒன்று உண்டு. 'பாதுகாப்பற்ற' என்று பொருள்படும் சொல் அதன் பெயரிலேயே இருக்கிறது. அதைப் போட்டுத் தடையை நீக்குவதைவிட விதியைத் திருத்துவதே முறை.

முடிவில்லாமல் சுற்றும் வழிமாற்று வேறு நோய். முன்னால் நிற்கும் இடைச் சர்வர் எச்டிடிபிஎஸ் இணைப்பைத் தன்னோடு முடித்துக்கொண்டு, பின்னால் இருக்கும் சர்வரோடு சாதாரண எச்டிடிபியில் பேசும். பின்னால் இருப்பது அதைப் பார்த்து "பாதுகாப்பான முகவரிக்குப் போ" என்று மறுபடி திருப்பியனுப்பும். குரோம் பிரவுசர் 20 முறை சுற்றிவிட்டு நிறுத்திக்கொள்ளும். பயனர் எந்த வழியில் வந்தார் என்பதை இடைச் சர்வர் தலைப்புவரியில் சொல்லவேண்டும். பின்னாலுள்ள சர்வரின் விதி அந்தத் தலைப்புவரியைப் பார்க்கவேண்டும்.

எந்த நோயானாலும் முதலில் பார்க்கவேண்டியது பிழைப் பதிவேடு. 10411 என்ற எண் அதில் இருந்தால், இடைவெளிச் சிக்கல். அப்பாச்சி 2.4இல் ரீரைட்டின் பதிவு அளவைக் கூட்டினால் ஒவ்வொரு விதியும் எதை எதுவாக மாற்றியது என்று வரிவரியாகத் தெரியும். சோதித்து முடியும்வரை 302 போடுங்கள்; 301ஐப் பிரவுசர்கள் நினைவில் வைத்துக்கொள்ளும், சர்வரில் திருத்தியபின்னும் பழைய வழியிலேயே போகும்.

2013இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டுகளில் எட்டாமல் போய்விட்டதாகப் பியூ ஆய்வு மையம் 2024இல் கணக்கிட்டது. கோயிலுக்கோ, தமிழ்ப்பள்ளிக்கோ, சங்கத்துக்கோ தளம் நடத்துகிறவர்கள் அந்தக் கணக்கில் சேராமலிருக்க ஒரு பழக்கம் போதும்: ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும் இரண்டு தமிழ்ச் சொற்களை நடுவில் இடைவெளி விட்டுத் தேடிப் பாருங்கள், ஒரு பழைய முகவரியையும் தட்டிப் பாருங்கள். பழுது தெரிந்தால் பழைய பதிப்புக்குத் திரும்பாதீர்கள்; ஓட்டையும் கூடவே திரும்பிவரும். விதியைத் திருத்துங்கள்.