பேச்சுரிமையும் 152-வது பிரிவும்

கோவில்பட்டிக் கோர்ட்டில் வழக்காடியவர்களில் ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளையும் ஒருவர். ஒட்டப்பிடாரத்தில் பிறந்த அவர், கப்பல் கம்பெனியும் கைப்பொருளும் போய்விட்ட பிற்காலத்தில் இவ்வூரில் வந்து வக்கீல் தொழில் நடத்தினார். அதற்கு முன்பு பல வருஷங்கள் அவரிடம் சன்னத்தே இல்லை. ராஜத்துவேஷ வழக்கில் தண்டனை பெற்றவர் என்று அது பறிக்கப்பட்டிருந்தது. நீதிபதி வாலஸின் முயற்சியால் மீண்டது. மேடையில் பேசிய சில வார்த்தைகளுக்காக ஒரு மனிதனுடைய தேகம், பொருள், தொழில் ஆகிய மூன்றையும் ராஜாங்கம் எடுத்துக்கொள்ளலாமா என்ற கேள்வியைக் கரிசல் சீமையார் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

1908 மார்ச்சில் பிள்ளையவர்களும் சுப்பிரமணிய சிவமும் கைதானார்கள். ஜூலை 7-ந் தேதி ஜட்ஜ் பின்ஹே தீர்ப்புக் கூறினார். ராஜத்துவேஷத்துக்கு ஓர் ஆயுள் தண்டனை. சிவத்துக்கு உடந்தையாயிருந்ததற்கு மற்றோர் ஆயுள் தண்டனை. மேல் கோர்ட்டில் அது குறைந்தது உண்மையே. ஆயினும் சிறையில் செக்கிழுத்து, 1912 டிசம்பரில்தான் அவர் வெளியே வந்தார். அவரைச் சிறைக்கு அனுப்பிய 124-ஏ பிரிவின் சூட்சுமத்தை நேயர்கள் கவனிக்க வேண்டும். அடி விழுந்ததா, ரத்தம் சிந்தியதா என்று அது கேட்கவில்லை. கேட்டவன் மனத்தில் சர்க்காரின்மீது வெறுப்பு முளைக்கச் செய்தால் போதும், குற்றம் முடிந்தது!

அதே வருஷத்தில் 'இந்தியா' பத்திரிகையின் மீதும் அந்தப் பிரிவு பாய்ந்தது. அதன் எழுத்துக்கு உயிராக இருந்தவர் எட்டயபுரத்துச் சுப்பிரமணிய பாரதியார். அகப்பட்டவரோ பதிவேட்டில் பெயர் கண்ட ஸ்ரீநிவாசன். பாரதியார் புதுச்சேரி சேர்ந்தார். கடைசிப் பக்கத்தின் அடியில் தம் பெயரை அச்சிடும் நம் போன்றவர்கள் அந்த வழக்கைக் கழுத்தைத் தடவிக்கொண்டுதான் படிக்க முடியும். 1928-இல் பாரதியாரின் பாடல்களைப் பறிமுதல் செய்த அதே சென்னை ராஜாங்கம், 1949-இல் அவற்றின் உரிமையை விலைக்கு வாங்கியது என்பதையும் இங்கே சொல்லிவைக்கலாம். பாட்டு மாறவில்லை.

சுதந்திர இந்தியாவின் அரசியல் சட்டத்தை வகுத்தவர்கள் இதையெல்லாம் அறிந்தவர்கள். பேச்சுரிமையைக் கட்டுப்படுத்தும் காரணங்களின் பட்டியலில் ராஜத்துவேஷம் என்ற சொல் முதலில் இருந்தது. 1948-இல் அதை நீக்கினார்கள். பத்திரிகைச் சுதந்திரம் என்று தனியாக எழுதவில்லையே என்று சிலர் கேட்டபோது, பத்திராசிரியனும் ஒரு பிரஜைதான், பிரஜைக்குள்ள உரிமை அவனுக்கும் உண்டு, தனிச் சொல் வேண்டாம் என்று டாக்டர் அம்பேத்கர் விளக்கினார். இப்படி 19-வது ஷரத்து பிறந்தது.

அதன் முதற் சோதனை நமது மாகாணத்திலேயே நேர்ந்தது. பம்பாயிலிருந்து வந்த 'கிராஸ் ரோட்ஸ்' வாரப் பத்திரிகை எல்லைக்குள் நுழையக் கூடாதென்று 1950 மார்ச்சில் சென்னை சர்க்கார் தடை போட்டது. அரசியல் சட்டம் அமலுக்கு வந்து இரண்டு மாதங்கூட ஆகவில்லை. ரமேஷ் தாப்பர் வழக்காடினார். மே 26-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தடையை ரத்து செய்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி தமிழர். ராஜ்யத்தின் அஸ்திவாரத்தையே அசைக்கும் பேச்சு வேறு, ஊர் அமைதியைக் கெடுக்கலாம் என்று அதிகாரி ஊகிக்கும் பேச்சு வேறு என்று அவர் கோடு கிழித்தார்.

கிழித்த கோடு ஒரு வருஷந்தான் நின்றது. 1951 ஜூனில் முதலாவது திருத்தம் வந்து, 'பொது ஒழுங்கு' என்ற சொல்லைப் பட்டியலில் சேர்த்தது. அவ்வருஷமே பத்திரிகைகளைக் கட்டுப்படுத்தும் தனி மசோதா ஒன்றையும் உள்நாட்டு மந்திரியாயிருந்த ராஜாஜி கொண்டுவந்தார். 1947-இல் எட்டயபுரத்தில் பாரதி மணிமண்டபத்தைத் திறந்துவைத்த அதே ராஜாஜி! பெரியவர்களிடம் குறை காண்பது நமது விருப்பமன்று. ஆனால் சிறைக்குள் இருக்கும்போது தெரியும் சட்டம், மந்திரி நாற்காலியிலிருந்து பார்க்கும்போது வேறாகத் தெரிகிறது போலும். அந்தத் திருத்தத்திலும் ஒரு நன்மை உண்டு. கட்டுப்பாடு 'நியாயமானதாக' இருக்க வேண்டும் என்ற சொல் அப்போதுதான் பேச்சுரிமைக்குக் காவலாகச் சேர்ந்தது.

நியாயம் என்றால் எது? கோவில்பட்டிக்காரருக்கு எளிதில் விளங்கும் அளவுகோல் ஒன்றை 1989-இல் சுப்ரீம் கோர்ட்டு கூறிற்று. 'ஒரே ஒரு கிராமத்திலே' என்ற தமிழ்ப் படத்தின் சர்டிபிகேட்டைச் சென்னை ஹைக்கோர்ட்டு ரத்து செய்திருந்தது. படம் ஓடினால் கலகம் மூளும் என்று வாதித்தார்கள். வெடிமருந்துப் பீப்பாய்க்குள் விழும் நெருப்புப் பொறியைப் போல, பேச்சுக்கும் கேட்டுக்கும் பிரிக்க முடியாத சம்பந்தம் இருந்தாலொழியத் தடுக்கக் கூடாது என்று கூறி, படத்தைக் கோர்ட்டு அனுமதித்தது. தீப்பெட்டி செய்து பிழைக்கும் ஊர் இது. குச்சி எது, மருந்து எது, இரண்டும் உரசாமல் நெருப்பு வராது என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். சட்டைப்பையில் தீப்பெட்டி வைத்திருப்பவனையெல்லாம் வைக்கோற்போருக்குத் தீ வைத்தவன் என்று பிடித்தால் ஊரில் யார் மிஞ்சுவார்?

மத விஷயத்தில் இந்த அளவுகோல் அதிகமாகவே தேவைப்படுகிறது. 25-வது ஷரத்து தன் மதத்தைக் கைக்கொள்ளவும் பரப்பவும் உரிமை தருகிறது. பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு அதைக் கட்டுப்படுத்துகிறது. மனம் புண்படாதிருக்கும் உரிமை என்று அரசியல் சட்டத்தில் எந்த ஷரத்தும் இல்லை. ஸ்ரீ பெருமாள் முருகனின் 'மாதொருபாகன்' நாவலுக்கு எதிர்ப்புக் கிளம்பியபோது, 2015 ஜனவரியில் நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் 'சமாதானப் பேச்சு' நடந்தது. ஆசிரியர் மன்னிப்பு எழுதிக் கொடுத்து எழுத்தையே துறந்தார். எந்தச் சட்டத்தின் கீழ்? எந்தச் சட்டத்தின் கீழும் இல்லை. அந்தச் சமாதானம் யாரையும் கட்டாது என்று சென்னை ஹைக்கோர்ட்டு 2016 ஜூலை 5-ந் தேதி தீர்ப்பளிக்க ஒன்றரை வருஷம் ஆயிற்று.

இனி நடப்புக்கு வருவோம். 124-ஏ, சுதந்திரத்துக்குப் பின்னும் எழுபது வருஷங்களுக்கு மேல் உயிரோடிருந்தது. வன்முறையைத் தூண்டினாலன்றி அது பொருந்தாது என்று 1962-இல் கேதார்நாத் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு அதன் பல்லைப் பிடுங்கியது. 2022 மே மாதத்தில் அதை நிறுத்தியும் வைத்தது. 2024 ஜூலை 1-ந் தேதி புதிய தண்டனைச் சட்டம் அமலாயிற்று. ராஜத்துவேஷம் என்ற பெயர் போயிற்று. 152-வது பிரிவு வந்தது. ஆயுதக் கலகத்தையும் பிரிவினையையும் தூண்டுவதோடு நில்லாமல், பிரிவினை 'உணர்ச்சிகளை' ஊக்குவிப்பதையும் அது குற்றமாக்குகிறது. ஆயுள் தண்டனை இல்லாவிடில் முன்பு உச்சம் மூன்று வருஷம். இப்போது ஏழு வருஷம். ஜஸ்டிஸ் பின்ஹே காலத்தில் வெறுப்பு என்ற உணர்ச்சியை அளந்தார்கள். இன்று வேறோர் உணர்ச்சியை அளக்கப் போகிறார்கள். அளக்கும் கோல் முதலில் சப் இன்ஸ்பெக்டர் கையில்தான் இருக்கும். சர்க்காரின் நடவடிக்கைகளைச் சட்டத்துக்குட்பட்டுக் கண்டிப்பது குற்றமன்று என்ற விளக்கம் அப்பிரிவிலேயே இருக்கிறதே என்பார்கள். அத்தகைய விளக்கங்கள் 124-ஏ-யிலும் இருந்தன. சிதம்பரம் பிள்ளைக்கு அவை உதவவில்லை.

நாட்டைப் பிளக்க ஆயுதம் எடுப்பவனைத் தண்டிக்க வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை. 1962-இல் கோர்ட்டு வைத்த நிபந்தனையைச் சட்டத்தின் வாசகத்திலேயே எழுதிவிடுங்கள் என்பதே நமது கோரிக்கை. உணர்ச்சி என்ற சொல் நீங்கட்டும். வன்முறைத் தூண்டுதல் என்ற சொல் ஏறட்டும். அடுத்த தடவை நமது பார்லிமெண்டு அங்கத்தினர் கரிசல் கிராமங்களுக்கு வரும்போது, பருத்தி விலையையும் குடிநீரையும் பற்றிக் கேட்கும் அன்பர்கள் இதையும் ஒரு வரி எழுதி அவர் கையில் கொடுக்க வேண்டும்.