கிரப் 2-க்கு ஏன் 1.99-னு பேர் வந்தது?

விண்டோஸோட லினக்ஸும் போட்ட லேப்டாப்பை ஆன் பண்ணினா, முதல்ல ஒரு மெனு வரும். அதன் உச்சியில் 'குனு கிரப் வெர்ஷன் 2.06' என்பதுபோல ஒரு வரி இருக்கும். நம்மில் பலர் அதைப் படிக்காமலே என்டர் தட்டிட்டுப் போயிடுவோம். ஆனா ஒருநாள் லேப்டாப் பூட் ஆகாம நின்னா, அந்த எண் ரொம்ப உதவும்.

பயாஸ் அல்லது யூஇஎஃப்ஐ தன் வேலையை முடித்ததும், கெர்னலை மெமரியில் ஏற்றி கட்டுப்பாட்டை அதனிடம் ஒப்படைக்கும் புரோகிராம்தான் பூட் லோடர். லினக்ஸில் பரவலாக இருப்பது கிரப்.

பழைய கிரப் 2005-இல் 0.97-ஓடு நின்றுவிட்டது, 1.0-ஐத் தொடவே இல்லை. அதற்குப் பதிலாகப் புதிதாக எழுதப்பட்டதுதான் கிரப் 2. அது முழுமை அடையாத காலத்தில் 1.98, 1.99 என்று எண் கொடுத்தார்கள். 'கிரப் 2 தானே போட்டேன், 1.99-னு காட்டுதே' என்று குழம்பியவர்கள் உண்டு. 2012-இல்தான் 2.00 வந்தது. பிறகு 2.02 (2017), 2.04 (2019), 2.06 (2021), 2.12 (2023). எல்லாமே இரட்டைப்படை! 2.03, 2.05 போன்ற ஒற்றைப்படை எண்கள் இடையில் உருவாகிக்கொண்டிருக்கும் கோடுக்கு.

எம்பெடட் போர்டுகளில் வரும் யூ-பூட் வேறு வழியில் போனது. 1.3.4-க்கு அடுத்து நேராக 2008.10. அதாவது 2008, அக்டோபர். எண்ணைப் பார்த்தாலே வயசு தெரிஞ்சிடும்.

சரி, இதில் சிக்கல் எங்கே? பயாஸ் முறையில் கிரப் இரண்டு துண்டாக இருக்கும். மையப் பகுதி டிஸ்க்கின் தொடக்கத்தில். மாட்யூல்கள் பூட் ஃபோல்டரில். 2020 ஜூலையில் 'பூட்ஹோல்' என்ற பாதுகாப்பு ஓட்டைக்குத் திருத்தம் வந்தபோது, சில கணினிகளில் மாட்யூல் மட்டும் புதிதாகி, மையப் பகுதி பழசாகவே இருந்தது. புது மாட்யூல் கேட்ட 'கிரப்_காலக்' ஃபங்ஷன் பழைய மையத்தில் இல்லை. சிஸ்டம் பூட் ஆகாமல் நின்றது. லைவ் யூஎஸ்பியில் ஏறி, சரியான டிஸ்க்கில் கிரப்பை மறுபடி நிறுவினால்தான் தீர்வு.

இன்னொரு விஷயம். டிஸ்ட்ரோக்கள் பழைய 2.04-லேயே புதுத் திருத்தங்களைச் சேர்த்துத் தருவார்கள். அப்போ 2.04 பாதுகாப்பானதா, இல்லையா? எண்ணை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் 2021-இல் 'எஸ்பாட்' வந்தது. வெர்ஷன் எண்ணோடு சம்பந்தமில்லாத தனி தலைமுறை எண் அது: 1, 2, 3 என்று ஏறும். செக்யூர் பூட் இயங்கும்போது ஷிம் அதைப் பார்த்து, குறைந்தபட்ச அளவுக்குக் கீழே இருந்தால் கிரப்பை ஏற்ற மறுத்துவிடும்.

செமஸ்டர் ப்ராஜெக்ட் முழுக்க அந்த லேப்டாப்பில் இருக்கிறதா? இன்னைக்கே ஒருமுறை பூட் மெனுவின் எண்ணையும், டெர்மினலில் கிரப்-இன்ஸ்டால் கமாண்ட் காட்டும் எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்க. இரண்டும் வேறாக இருந்தா, ரிவ்யூவுக்கு முந்தைய ராத்திரி வரைக்கும் காத்திருக்க வேண்டாம். முதல்ல பேக்கப், அப்புறம் கிரப்!