டாஷ்போர்டு மறந்தாலும் டேட்டாபேஸ் மறக்காது

சிபியு எவ்வளவு உழைக்கிறது, டிஸ்க் எப்போது நிரம்பும் என்று சர்வர்களின் உடல்நிலையைக் கோடுகளாக வரைந்து காட்டும் திரைதான் டாஷ்போர்டு. பல அலுவலகங்களில் அதை வரைவது கிராஃபானா என்ற மென்பொருள். எண்களைச் சேகரித்துக் கொடுப்பது ப்ரோமிதியஸ் போன்ற வேறொன்று. 2012இல் சவுண்ட்கிளவுட் நிறுவனத்தில் உருவான ப்ரோமிதியஸ், நாமாக மாற்றி அமைக்காவிட்டால் 15 நாள் கணக்கைத்தான் வைத்திருக்கும். அதற்கு முந்தையதை அழித்துவிடும்.

அன்றாடக் கண்காணிப்புக்கு அது போதும். போன வருடத் தள்ளுபடி விற்பனையில் சர்வர் எவ்வளவு திணறியது என்று கேட்டால் பதில் இருக்காது. அதனால்தான் இந்த எண்களை போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல் போன்ற ரிலேஷனல் டேட்டாபேஸில் ஏற்றி வைக்கிறார்கள். 1970இல் ஐபிஎம்மின் எட்கர் காட் வகுத்த கோட்பாட்டின்படி இங்கே எல்லாம் அட்டவணைதான். கண்காணிப்பு மென்பொருளையே நாளை மாற்றினாலும், எஸ்க்யூஎல் தெரிந்த எவரும் பழைய கணக்கைப் படிக்கலாம்.

தினமும் நள்ளிரவுக்குப் பிறகு ஒரு சிறு ஸ்கிரிப்ட், முந்தைய நாள் எண்களை ப்ரோமிதியஸின் ஏபிஐயிடம் கேட்கும். பதில் ஜேசான் வடிவில் வரும். அதில் நேரம், 1970 ஜனவரி 1 முதல் எண்ணிய வினாடிகளாக இருக்கும். மதிப்போ எண்ணாக இல்லாமல் எழுத்துச் சரமாக இருக்கும். இரண்டையும் உரிய வகைக்கு மாற்றி, எந்த சர்வர், எந்த அளவீடு என்ற விவரத்தோடு அட்டவணையில் எழுத வேண்டும். சர்வர், அளவீடு, நேரம் மூன்றையும் சேர்த்து பிரைமரி கீ ஆக்கிவிட்டால், ஸ்கிரிப்ட் இரண்டு முறை ஓடினாலும் ஒரே பதிவு இரண்டாகாது.

15 வினாடிக்கு ஓர் அளவு என்றால் ஒரு கோட்டுக்கே நாளைக்கு 5,760 பதிவுகள். ஆயிரம் கோடுகளுக்கு 57.6 லட்சம். 5 நிமிடச் சராசரியாகச் சுருக்கினால் 2.88 லட்சமாகும். ஆனால் சராசரி உச்சத்தை மறைக்கும். சிபியு 4 நிமிடம் 20 சதவீதத்திலும் 1 நிமிடம் 100 சதவீதத்திலும் இருந்தால் சராசரி வெறும் 36. சர்வர் மூச்சுத் திணறிய அந்த ஒரு நிமிடம் காணாமல் போய்விடும். எனவே உச்ச மதிப்புக்கும் தனிப் பத்தி அவசியம்.

எண்களோடு, டாஷ்போர்டின் அமைப்பையும் ஜேசான் கோப்பாக எடுத்து வையுங்கள். டேட்டாபேஸ் வேறொரு கணினியில் இருக்கட்டும். மாதம் ஒருமுறையாவது பேக்கப்பை மீட்டெடுத்துக் கோடுகள் சரியாக வருகின்றனவா என்று பாருங்கள். மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நம்பிப் பழைய டேட்டாவை அழிக்காதீர்கள்.