கேபிளில் ஒரு கணினி, வீடு முழுக்க நெட் இல்லை

வீட்டில் யாருக்கும் நெட் வரவில்லை என்றால் பழி முதலில் நெட் கம்பெனி மேல் விழும், அடுத்து ரவுட்டர் மேல். மூலையில் கேபிளோடு இருக்கும் கணினியை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. அது ஒன்றே மொத்த வீட்டின் இணைப்பையும் படுக்கவைத்துவிடும்.

அடுத்த முறை நெட் நின்றால் உடனே ரவுட்டரை அணைத்துப் போடாதீர்கள், தடயம் அழிந்துவிடும். அந்தக் கணினியின் கேபிளை மட்டும் ரவுட்டரிலிருந்து பிடுங்குங்கள். போனில் வைஃபையை ஒருமுறை அணைத்துப் போட்டுப் பாருங்கள். நெட் வந்துவிட்டால் ஆள் அகப்பட்டான். வராவிட்டால் கோளாறு வேறெங்கோ. கஸ்டமர் கேருக்கு தாராளமாகப் போன் போடலாம்.

இனி, எந்த நேரத்தில் நெட் போகிறது என்று கவனியுங்கள். கணினி ஸ்லீப்பில் இருக்கும்போதோ, ஹேங் ஆகி நிற்கும்போதோ போகிறதென்றால் காரணம் கொஞ்சம் விசித்திரமானது. ‘வந்த தரவைத் தற்காலிகமாக வைக்கும் இடமான என் பஃபர் நிறைந்துவிட்டது, சற்றுப் பொறு’ என்று எதிர்முனைக்குச் சொல்ல ஈதர்நெட்டில் ‘பாஸ் பிரேம்’ என்றொரு செய்தி 1997 முதல் உண்டு. ஜிகாபிட் இணைப்பில் அது ஒருமுறைக்கு அதிகபட்சம் 33 மில்லிவிநாடிதான் நிறுத்திவைக்கும். ஆனால் கணினி ஹேங் ஆனால் வந்த தரவை எடுத்துக்கொள்ள ஆளில்லை. நெட்வொர்க் கார்டு மட்டும் விழித்திருக்கிறது. அது ‘பொறு, பொறு’ என்று விடாமல் அனுப்புகிறது. நொடிக்குச் சுமார் 30 செய்தி போதும், அந்த போர்ட் நின்றது நின்றதுதான். அதோடு போனால் பரவாயில்லை. பல வீட்டு ரவுட்டர்களில் எல்லா போர்ட்டுக்கும் பஃபர் பொது. கணினிக்குப் போகவேண்டிய பேக்கெட்டுகள் அதில் தேங்கி இடம் தீர்ந்ததும் மற்றவர்களுக்கும் வழி அடைபடுகிறது; கல்யாண மண்டப வாசலில் நிற்கும் ஒரே கார் தெருவையே மறிப்பது போல.

தீர்வு சுலபம். விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டரைத் திறந்து, ‘அட்வான்ஸ்டு’ பகுதியில் ‘ஃப்ளோ கன்ட்ரோல்’ என்பதை ‘டிஸேபிள்டு’ ஆக்குங்கள். வீட்டு உபயோகத்தில் இதனால் நஷ்டமில்லை. கார்டின் டிரைவரையும் புதுப்பித்துவிடுங்கள்.

கணினி நன்றாக ஓடும்போதே நெட் போனால் அதன் ஐபி எண்ணைப் பாருங்கள். யாரோ எப்போதோ கையால் போட்டுவைத்த 192.168.1.1 போன்ற எண், ரவுட்டரின் எண்ணாகவும் இருந்தால் போன்கள் யாரிடம் போவதென்று குழம்பும். ‘தானாகப் பெறு’ என்று மாற்றினால் தீர்ந்தது.

பழைய போன்களில் நெட் வருகிறது, புதிதாகச் சேரும் போனில் மட்டும் இல்லை என்றால், அந்தப் போனின் வைஃபை விவரத்தில் கேட்வே எண்ணைப் படியுங்கள். 192.168.137.1 என்றிருந்தால் கணினியில் ‘இன்டர்நெட் கனெக்‌ஷன் ஷேரிங்’ ஆன் ஆகிக் கிடக்கிறது. கணினியே ரவுட்டர் வேஷம் கட்டி, புதிதாகச் சேர்பவர்களுக்கு எண் கொடுக்கிறது. அதை அணைத்துவிடுங்கள்.

நெட் அடியோடு போகாமல் இழுத்துக்கொண்டு மட்டும் இருந்தால் இது எதுவுமல்ல. கணினி படங்களையும் வீடியோக்களையும் கூகுள் டிரைவுக்கோ ஒன்டிரைவுக்கோ ஏற்றிக்கொண்டிருக்கும். அந்த ஆப்பின் செட்டிங்ஸில் அப்லோடு வேகத்துக்கு ஒரு வரம்பு வையுங்கள்.