உங்களுக்குத் தெரியுமா? மகாவலிக்கு மேலே ஒரு கயிற்றுப் பாலம்

கெலிஓயாப் பக்கமாக ஓடிவரும் மகாவலி, கண்டியைச் சுற்றிக்கொண்டு விக்டோரியா அணையை அடைகிறது. அணை கட்டப்பட்டுக்கொண்டிருந்த 1983இல், அதன் அருகேதான் ஸ்பீல்பெர்க்கின் ‘இண்டியானா ஜோன்ஸ் அன்ட் த டெம்பிள் ஒஃப் டூம்’ படத்துக்காகக் கயிற்றுப் பாலம் தொங்கியது. கதைக்களம் 1935ஆம் ஆண்டின் இந்தியா. படம்பிடித்த இடம் நம் மலைநாடு. ஆங்கில வகுப்பில் களம் எது என்று கேட்டால் கண்டி என்று எழுதிவிடாதீர்கள்!

படத்தில் அந்தப் பாலம் அறுந்து விழும் காட்சி வரும். பாலம் அறுந்தது நிஜம். மறுபடி எடுக்க வழியில்லாததால் பல கமராக்கள் ஒன்றாகச் சுழன்றன. கைகால் அசைக்கும் பொம்மைகள் ஆட்களுக்குப் பதிலாக விழுந்தன. நாயகன் ஹாரிசன் ஃபோர்ட் பாறையோடு தொங்கும் அண்மைக்காட்சிகள் இங்கிலாந்தின் எல்ஸ்ட்ரீ ஸ்டூடியோவிலும், கீழே வாய்பிளக்கும் முதலைகள் புளோரிடாவிலும் எடுக்கப்பட்டவை. மூன்று நாட்டுத் துண்டுகளை ஒரே பள்ளத்தாக்காக நம்பவைத்தது படத்தொகுப்பு.