காயம் மூடிய பிறகுதான் பாதி வைத்தியம்

தீக்காய வார்டில் கடைசிக் கட்டைப் பிரித்து, "புண் மூடிவிட்டது, வீட்டுக்குப் போகலாம்" என்று மருத்துவர் சொல்லும் நாளில் குடும்பமே பெருமூச்சு விடுகிறது. இரண்டு மாதம் கழித்து அதே குடும்பம் வேறு கவலைகளோடு திரும்பி வருகிறது. முழங்கை நீள மறுக்கிறது. மோவாய் மார்பை நோக்கி இழுத்துக்கொண்டே போகிறது. அரிப்பு இரவில் கண்மூட விடுவதில்லை.

இந்தக் கவலைகள் மருத்துவ மாநாடுகளிலும் பேசப்படுகின்றன. 1967இல் தொடங்கப்பட்ட அமெரிக்கத் தீக்காயச் சங்கத்தின் ஆண்டு மாநாட்டில் அறுவை மருத்துவர்களோடு செவிலியர்களும் இயன்முறை மருத்துவர்களும் உளவியலாளர்களும் தங்கள் ஆய்வுகளை முன்வைக்கிறார்கள். பெரிய தீக்காயத்திலிருந்தும் இப்போது பலர் பிழைத்துவிடுகிறார்கள். ஆகவே, பிழைத்தவர் அதன்பின் எப்படி வாழ்கிறார் என்ற கேள்விக்கு அங்கே இடம் கூடியிருக்கிறது.

விடாமல் பின்தொடரும் கணக்கு

அந்தக் கேள்விக்கு விடை தேடுவோருக்குப் பெரிய ஆதாரம், அமெரிக்க அரசின் நிதியில் 1994 முதல் நடக்கும் 'பர்ன் மாடல் சிஸ்டம்' என்ற திட்டம். பாஸ்டன், டல்லாஸ், சியாட்டில், கால்வெஸ்டன் நகரங்களின் மருத்துவ மையங்கள் இதில் பணியாற்றி வந்துள்ளன. நோயாளி டிஸ்சார்ஜ் ஆகும்போது ஒரு முறை விவரம் கேட்கிறார்கள். பிறகு 6, 12, 24 மாதங்களில் கேட்கிறார்கள். அதற்குப் பின் ஐந்தாண்டுக்கு ஒரு முறை. வலி இருக்கிறதா, தூக்கம் வருகிறதா, வேலைக்குப் போகிறீர்களா, மனம் எப்படி இருக்கிறது என்று கேட்டுக் குறித்துக்கொள்கிறார்கள்.

இப்படிப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்ததில் ஒன்று தெளிவாகியிருக்கிறது. கடுமையான தீக்காயத்தைச் சர்க்கரை நோய் போல நெடுங்காலம் கவனிக்க வேண்டும். புண் ஆறியதும் முடிந்துபோகிற விஷயமாக அதை எண்ணக் கூடாது.

சுகமாக வைத்தால் சுருங்கும்

வலிக்கும் கையை மடக்கி நெஞ்சோடு அணைத்துக்கொள்வது இயல்பு. கழுத்து வெந்தவருக்குத் தலையணை வைத்தால் இதமாக இருக்கும். ஆனால் ஆறும் தோல் சுருங்கிக்கொண்டே ஆறுகிறது. நாம் எந்த நிலையில் வைத்திருக்கிறோமோ அந்த நிலையிலேயே மூட்டை இறுக்கிவிடுகிறது. சுகமாகத் தெரியும் நிலையே ஊனத்துக்கு வழி என்பது தீக்காய வார்டுகளின் பாலபாடம்.

அதனால் கழுத்தின் முன்பக்கம் வெந்திருந்தால் தலையணையை எடுத்துவிடுகிறார்கள். அக்குள் வெந்திருந்தால் கையை உடம்பிலிருந்து விலக்கிப் பக்கவாட்டில் நீட்டி வைக்கிறார்கள். முழங்கையும் முழங்காலும் நேராக இருக்க, மடங்காத பட்டை கட்டுகிறார்கள். இதையெல்லாம் மருத்துவமனையில் சேர்ந்த முதல் நாட்களிலேயே தொடங்க வேண்டும். இறுகிய பிறகு நிமிர்த்த மறுபடி கத்தி வைக்க வேண்டியிருக்கும்.

தழும்பும் அரிப்பும் வெயிலும்

தடித்துச் சிவந்த தழும்பு அடங்கி மென்மையாக ஓராண்டு முதல் இரண்டாண்டு வரை ஆகலாம். அதுவரை உடம்போடு ஒட்டிய அழுத்த உடையை நாளுக்கு 23 மணி நேரம் போட்டிருக்கச் சொல்வது வழக்கம். குளிக்கவும் தைலம் தடவவும் மட்டுமே கழற்றலாம். நம் ஊர்ப் புழுக்கத்தில் இது பெரும் சோதனைதான். முடியவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். சிலிக்கோன் ஜெல் போன்ற வேறு வழிகள் உண்டு.

புதிய தோலில் எண்ணெய்ச் சுரப்பு குறைந்திருப்பதால் அது வறண்டு அரிக்கும். நாளைக்குப் பலமுறை வாசனையற்ற ஈரப்பசைக் களிம்பு தடவி, மெல்ல நீவிவிட வேண்டும். தோல் ஒட்டு வைத்த இடம் சரியாக வியர்க்காது. உடம்பின் பெரும்பகுதி வெந்தவர்கள் உச்சி வெயிலில் வேலை செய்தால் சூடு வெளியேற வழியின்றி மயங்கிவிழக்கூடும்.

எடை தூக்கிய பிள்ளைகள்

பெரிய தீக்காயம் பட்ட உடம்பு தன் தசையையே எரித்துத் தின்னும். புண் ஆறிய பின்னும் பல மாதம் இது நீடிக்கும். இப்படி மெலிந்த பிள்ளைகளை ஓய்வெடுக்க விடுவதுதான் நல்லது என்று தோன்றும். கால்வெஸ்டனில் ஆய்வாளர்கள் வேறு வழியில் போனார்கள். உடம்பில் 40 சதவீதத்துக்கும் மேல் வெந்த பிள்ளைகளுக்கு, காயம்பட்டு ஆறு மாதம் கழித்து, 12 வாரம் பயிற்சியாளர் மேற்பார்வையில் எடை தூக்கவும் ஓடவும் பழக்கினார்கள். அந்தப் பிள்ளைகளுக்குத் தசையும் பலமும் கூடியதை 2001இல் வெளியிட்டார்கள்.

தசை வளரப் புரதம் வேண்டும். முட்டை, மீன், பருப்பு சாப்பிட்டால் புண் சீழ் பிடிக்கும் என்று பத்தியம் வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. தீக்காயக்காரருக்கு அது நேர் கேடு. வேறு நோய் காரணமாக மருத்துவர் தடுத்தாலொழிய இவற்றைத் தாராளமாகக் கொடுங்கள்.

வேலையும் வெளியுலகும்

தீக்காயத்துக்குப் பின் வேலைக்குத் திரும்புவது பற்றி வந்த ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் ஒரு மதிப்பீடு வெளியானது. ஏறத்தாழ 28 சதவீதம் பேர் எந்த வேலைக்கும் திரும்பவே இல்லை என்றது அது. கையில் பலம் இல்லாதது ஒரு காரணம் என்றால், பிறர் வெறித்துப் பார்ப்பதற்கு அஞ்சி வீட்டிலேயே அடைந்துகொள்வது இன்னொன்று. உறவு, நட்பு, வேலை, தாம்பத்தியம் எல்லாவற்றிலும் நோயாளி எங்கே நிற்கிறார் என்று அளக்க 'லிப்ரே' என்ற கேள்விப் பட்டியலையே அமெரிக்க ஆய்வாளர்கள் உருவாக்கியிருக்கிறார்கள். அங்கே 1977இல் தொடங்கிய ஃபீனிக்ஸ் சங்கம், தீக்காயத்திலிருந்து மீண்டவர்களுக்கே பயிற்சி தந்து புதிய நோயாளிகளிடம் பேச அனுப்புகிறது. "எனக்கும் இப்படித்தான் இருந்தது" என்று ஒருவர் படுக்கையருகே உட்கார்ந்து சொல்வதற்குச் செலவு அதிகமில்லை. நம் ஊரிலும் செய்யலாம்.

வீட்டார் செய்யக்கூடியவை

இந்தியாவில் ஆண்டுக்குப் பத்து லட்சம் பேருக்கு மேல் நடுத்தரமான அல்லது கடுமையான தீக்காயம் ஏற்படுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். உங்கள் வீட்டில் ஒருவருக்கு நேர்ந்தால்:

• உடனே ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஐஸ், பற்பசை, மாவு, மை எதுவும் வேண்டாம்.
• டிஸ்சார்ஜ் நாளன்றே, எந்தப் பயிற்சி, நாளைக்கு எத்தனை முறை, அடுத்து எப்போது வரவேண்டும் என்று எழுதி வாங்குங்கள்.
• வலிக்கிறது என்று பயிற்சியை நிறுத்தாதீர்கள். முன்கூட்டியே வலி மாத்திரை போடலாமா என்று கேளுங்கள்.
• தூக்கமின்மை, திடுக்கிட்டு விழித்தல், யாரையும் பார்க்க மறுத்தல் ஆகியவற்றையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.
• முகம் பார்க்கும் கண்ணாடியை ஒளித்து வைக்காதீர்கள். கூடவே நின்று பார்க்கத் துணையிருங்கள்.

வெந்த தோலை மருத்துவமனை மூடித் தரும். மடங்கிய கையை நிமிர்த்துவதும், காயம்பட்டவரைத் தெருவுக்கு அழைத்துச் செல்வதும் வீட்டாரின் கையில் இருக்கிறது. மறுபரிசோதனைத் தேதியை மட்டும் தவறவிடாதீர்கள்.